நிலத்தடி வாயுக் கிடங்கும் 10 மில்லிமீட்டரும்: பெங்களூரிலிருந்து ஒரு இன்சார் வேலைக்குறிப்பு

இன்சார் என்பது செயற்கைக்கோள் ரேடார் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரையின் மில்லிமீட்டர் அசைவை அளக்கும் முறை. அதில் வரும் சராசரி வேக வரைபடம் முழுக்கப் பச்சையாக (அசைவின்மையின் நிறம்) வந்ததைப் பார்த்துவிட்டு "இங்கே தரை அசையவே இல்லை" என்று முடிவு கட்டினால், வாயுக் கிடங்கு வேலை அங்கேயே கெட்டது. நிலத்தடி நீரை உறிஞ்சும் ஊரில் தரை ஒரே திசையில் இறங்கிக்கொண்டே போகும். ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு எண்ணைச் சொன்னால் போதும். தீர்ந்துபோன எரிவாயு வயலைக் கிடங்காக வைத்திருக்கும் இடம் அப்படியல்ல. கோடையில் வாயுவை உள்ளே ஏற்றுவார்கள், தரை எழும். குளிர்காலத்தில் எடுப்பார்கள், தரை பழைய இடத்துக்கு இறங்கும். ஐந்தாண்டுச் சராசரி போட்டால் இரண்டும் கழிந்து பூஜ்யம் வரும். அதனால் இந்த வேலையில் தேட வேண்டியவை இரண்டு: ஆண்டு அலையின் வீச்சு, அந்த அலை உச்சம் தொடும் தேதி. இரண்டில் தேதிதான் முக்கியம். காரணம் கீழே வருகிறது.

பழகுவதற்கு உள்ளூரில் இடம் கிடைக்காது. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் இருப்பவை கச்சா எண்ணெய்க்காகக் கடும்பாறையில் குடைந்த குகைகள். நுண்துளைப் பாறையின் அழுத்தத்தைப் பருவந்தோறும் ஏற்றி இறக்கும் கிடங்குகள் அல்ல. பெங்களூரில் உட்கார்ந்தபடி கைப்பழக்கம் பெற வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளிதான் தோது. தரவு இலவசம், கிடங்குகள் பல, தரை தட்டை. அங்குள்ள லொம்பார்டியா வயலில் 1986 முதல் வாயு சேமிக்கிறார்கள். 2003 முதல் 2007 வரையிலான ரேடார் அளவீட்டில் அதன் மேலுள்ள தரை செங்குத்தாக 8 முதல் 10 மி.மீ., கிழக்கு மேற்காக 6 முதல் 8 மி.மீ. ஆடியது. பக்கவாட்டு ஆட்டம் இவ்வளவு இருப்பதைக் கவனியுங்கள். ஒரே கோணத்தில் பார்த்தால் இரண்டும் கலந்துதான் தெரியும்.

சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளின் அலைநீளம் 5.55 செ.மீ. அலை போய்த் திரும்புவதால், தரை ரேடாரின் பார்வைக்கோட்டில் 2.77 செ.மீ. நகர்ந்தால் ஃபேஸ் (திரும்பி வந்த அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது) ஒரு முழுச் சுற்று சுற்றும். செங்குத்திலிருந்து 39 டிகிரிச் சாய்வில் பார்க்கும்போது 10 மி.மீ. செங்குத்து அசைவு 7.8 மி.மீ. ஆகத் தெரியும், அதாவது கால் சுற்றுக்குச் சற்று மேல். அன்ராப்பிங்கில் (ஃபேஸின் முழுச் சுற்றுகளை எண்ணிச் சேர்ப்பதில்) பிழை வந்தால் ஒரேயடியாக 27.7 மி.மீ. துள்ளும், அதைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். இங்கே தலைவலி தருபவை அதே ஆண்டுச் சுழற்சியில் ஆடும் வேறு சில.

கூடவே ஆடுபவை

முதலாவது கட்டடம். 20 மீட்டர் உயரக் கட்டடத்துக்குக் கோடைக்கும் குளிருக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். இரும்பும் கான்கிரீட்டும் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 12 பங்கு நீளும். பெருக்கினால் 7.2 மி.மீ. கிடங்கு தரும் அசைவும் இதே அளவுதான். வீச்சை மட்டும் பார்த்தால் ஒரு தானியக் குதிரும் வாயுக் கிடங்கும் ஒன்றுபோலவே இருக்கும்.

இரண்டாவது ஆழமில்லாத நிலத்தடி நீர். போ சமவெளியில் நெல், மக்காச்சோள வயல்களுக்கு வசந்தத்தில் கால்வாய்த் தண்ணீர் திறப்பார்கள். நீர்மட்டம் கோடையில் ஏறும், தரையும் கொஞ்சம் ஏறும். மூன்றாவது மண்ணின் ஈரமும் பயிரும். தரை அசையாமலே ரேடார் அலை திரும்பும் ஆழம் மாறும். நான்காவது காற்றின் ஈரப்பதம், அதுவும் கோடையில்தான் உச்சம்.

நான்கும் கோடைக்காரர்கள். வாயு மட்டும் அக்டோபர் கடைசியில் நிறையும், மார்ச் கடைசியில் வற்றும். காற்றின் வெப்பம் ஜூலை கடைசியில் உச்சம் தொடும். இடைவெளி மூன்று மாதம், ஆண்டு வட்டத்தில் 90 டிகிரி. இரண்டு அலைகளைப் பிரிக்க இதைவிட வசதியான இடைவெளி வேண்டியதில்லை. தேதி முக்கியம் என்றது இதனால்தான்.

கலந்துவிட்டால் எப்படித் தெரியும்? வாயு அலையின் வீச்சு 5 மி.மீ., உச்சம் அக்டோபர் 30. அதன்மேல் 3 மி.மீ. வெப்ப அலை, உச்சம் ஜூலை 30. கூட்டினால் வீச்சு 5.8 மி.மீ. என்று வரும், அதில் பெரிய மாற்றம் இல்லை. உச்சமோ ஏறத்தாழ 31 நாள் முன்னால் வந்து செப்டம்பர் கடைசியில் நிற்கும். ஆகவே உச்ச தேதி வரைபடத்தில் செப்டம்பர் நிறம் பரவியிருக்கும் இடமெல்லாம் கலப்படம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஆயத்த தரவு

ஐரோப்பாவில் வேலை என்றால், சொந்தமாகச் செயலாக்கும் முன் ஐரோப்பிய தரை அசைவுச் சேவையின் கோப்புகளை இறக்கிப் பார்ப்பது நாலு வாரத்தை மிச்சப்படுத்தும். மூன்று படிநிலைகளில் தருகிறார்கள்: அடிப்படை, அளவுதிருத்தியது, செங்குத்தும் கிழக்கு மேற்கும் பிரித்தது. மூன்றாவதில் 100 மீட்டர் கட்டத்துக்கு ஒரு புள்ளி. கோப்பு சாதாரண சிஎஸ்வி. ஒவ்வொரு வரியிலும் இடம், உயரம், சராசரி வேகம், சீசனாலிட்டி, அதற்குப் பின் தேதிவாரியாக மில்லிமீட்டரில் அசைவு.

சீசனாலிட்டி என்ற அந்தப் பத்தியைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். அதில் இருப்பது வீச்சு மட்டுமே, தேதி இல்லை. தேதிவாரி அசைவை எடுத்து நாமே சைனும் கொசைனும் பொருத்த வேண்டும். நிலையான எண் ஒன்று, நேர்கோட்டு வேகம் ஒன்று, சைன் கெழு, கொசைன் கெழு என நான்கு அறியாதவை, லீஸ்ட் ஸ்கொயர்ஸ் ஒரே அடியில் தீர்க்கும். இரு கெழுக்களின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் வீச்சு. சைன் கெழுவை முதலிலும் கொசைன் கெழுவை அடுத்தும் வைத்து ஆர்க்டேன்2 எடுத்தால் உச்ச தேதி. இடத்தை மாற்றி வைத்தால், நாளை ஜனவரி 1 முதல் எண்ணும் கணக்கில், அக்டோபர் உச்சம் ஜூன் தொடக்கத்தில் போய் நிற்கும். இந்தப் பிழை சர்வ சாதாரணம்.

100 மீட்டர் கட்டத்தில் கூரையும் ரோடும் ஒன்றாகக் கலந்திருக்கும். அதனால் இரண்டாம் படிநிலைக்கு இறங்கி, புள்ளியின் உயரத்தில் தரை உயரத்தைக் கழித்து, 5 மீட்டருக்கு மேல் நிற்பவற்றை ஒதுக்கிப் பாருங்கள். சென்டினலின் சுற்றுப்பாதை மிகக் குறுகிய குழாய்க்குள் ஓடுவதால் புள்ளி உயரத்தில் சில மீட்டர் பிழை இருக்கும், கறாராக வெட்ட முடியாது. ஒதுக்கிய பின் உச்ச தேதி அக்டோபரை நோக்கி நகர்ந்தால், கட்டட வெப்பம் கழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஒப்பிட வாயு இருப்பு எண்களும் வேண்டும். ஐரோப்பிய வாயு உள்கட்டமைப்பு அமைப்பின் ஏஜிஎஸ்ஐ தளத்தில் நாள்வாரி ஏற்றம், எடுப்பு, இருப்பு விழுக்காடு கிடைக்கும். ஒவ்வொரு வயலுக்கும் தனியாகக் கிடைக்காத இடத்தில் நடத்துநரின் மொத்தக் கணக்கை வைத்துக்கொள்ளலாம், தேதிக்கு அது போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. வெப்பம் ஆண்டுதோறும் ஒரே மாதிரி வந்துபோகும், வாயு இருப்பு அப்படி வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்த இருப்பு 2022 மார்ச் கடைசியில் சுமார் 26 விழுக்காடு, குளிர் குறைந்திருந்த 2023 மார்ச் கடைசியில் சுமார் 56 விழுக்காடு. கிடங்கின் அலை என்றால் 2023 வசந்தத்தின் பள்ளம் ஆழம் குறைந்து தெரிய வேண்டும். எல்லா ஆண்டும் அச்சில் வார்த்தது போல ஒரே ஆழம் என்றால் சந்தேகப்படுங்கள்.

சொந்தச் செயலாக்கம்

முழு சென்டினல் காட்சி ஒன்று 4 ஜிபிக்கு மேல். நான்கு ஆண்டுக்கு 12 நாளுக்கு ஒன்று வீதம் 120 காட்சி இறக்கினால் அரை டெராபைட். ஒரு கிடங்கின் அகலம் 5 முதல் 10 கி.மீ., காட்சியின் அகலம் 250 கி.மீ. வீண் வேலை. அலாஸ்கா செயற்கைக்கோள் மையத்தில் காட்சியின் சிறு துண்டான ஒரு பர்ஸ்ட்டை மட்டும் தனியே எடுக்கலாம். ஏறத்தாழ 20க்கு 85 கி.மீ. பரப்பு, 130 எம்பி அளவு. 120 பர்ஸ்ட்டும் சேர்ந்து 16 ஜிபிதான். வீட்டு பிராட்பேண்டில் ஒரே ராத்திரியில் இறங்கிவிடும். கிடங்கு இரண்டு பர்ஸ்ட்டின் விளிம்பில் விழுந்தால் இரண்டையும் எடுக்க வேண்டும். கூகுள் எர்த்தில் எல்லைகளைப் போட்டுப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

எந்த ஆண்டுகள்? ஐரோப்பாவில் இரு செயற்கைக்கோள்களும் ஓடிய காலத்தில் 6 நாளுக்கு ஒரு படம். சென்டினல்-1பி 2021 டிசம்பரில் செயலிழந்த பின் சில ஆண்டுகள் 12 நாளுக்கு ஒன்றுதான் கிடைத்தது. பழக 2018 முதல் 2021 வரை எடுத்தால் படங்கள் அடர்த்தியாக இருக்கும்.

துல்லியச் சுற்றுப்பாதைக் கோப்பு படம் எடுத்து மூன்று வாரம் போல ஆன பின்தான் வரும். காத்திருங்கள். ஆண்டு அலையைத் தேடும் வேலையில் மூன்று வார அவசரம் எதற்கு? உடனடிக் கோப்பையும் துல்லியக் கோப்பையும் கலந்து போட்டால் பர்ஸ்ட் எல்லைகளில் ஃபேஸ் படிக்கட்டு போல நிற்கும். இந்த ரேடார் முறையில் பறக்கும் திசைவாக்கில் ஒரு பிக்சலின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பொருந்த வேண்டும்.

ஒவ்வொரு படத்தையும் அடுத்த மூன்று படங்களோடு ஜோடி சேர்த்தால் 120 படத்துக்கு 354 ஜோடி. ஒரு ஜோடியின் ஃபேஸ் வித்தியாசப் படம்தான் இன்டர்ஃபெரோகிராம். இங்கே ஒரு பொறி. குறுகிய இடைவெளி ஜோடிகளை மட்டும் மல்டிலுக் செய்து (பக்கத்துப் பிக்சல்களைச் சராசரியாக்கி) அடுக்கினால், வயல் நிலத்தில் மண் ஈரமும் பயிர் வளர்ச்சியும் ஒவ்வொரு ஜோடியிலும் சிறு பிழையை ஒரே பக்கமாகச் சேர்த்துக்கொண்டே போகும். கடைசியில் மக்காச்சோளக் காடு மில்லிமீட்டர் கணக்கில் எழுந்து இறங்குவதாகக் காட்டும். கட்டுப்படுத்த ஏறக்குறைய ஓராண்டு இடைவெளியுள்ள ஜோடிகளையும் சேர்க்க வேண்டும். அதைவிட நல்லது, முடிவைக் கட்டடம் போன்ற நிலையான எதிரொளிப் புள்ளிகளில் மட்டும் படித்துவிட்டு வயல்வெளியைத் தொடாமல் விடுவது. வண்ணப்படம் அழகாக வராது. பரவாயில்லை.

தரை உயரக் கோப்புக்கு கோபர்நிகஸ் திட்டத்தின் 30 மீட்டர்க் கட்டம் போதும். சுற்றுப்பாதைகளுக்கிடையே 100 மீட்டர் இடைவெளி, உயரத்தில் 10 மீட்டர் பிழை என்றால்கூட 2 மி.மீ. அளவுக்குத்தான் தவறும், அதுவும் பருவத்தோடு ஒட்டாமல் சிதறிப்போகும்.

ஒப்புப் புள்ளிதான் கழுத்தறுக்கும். மற்ற எல்லாப் புள்ளிகளின் அசைவும் அதைச் சார்ந்தே கணக்காகும். மின்ட்பை என்ற இன்சார் நிரலை அதன் போக்கில் விட்டால் கோஹெரன்ஸ் (ஃபேஸ் எவ்வளவு நம்பகம் என்ற அளவு) அதிகமுள்ள ஏதோ ஒரு பிக்சலைத் தானே எடுத்துக்கொள்ளும். அது உயரமான தொழிற்சாலைக் கூரையாக அமைந்தால், அந்தக் கூரையின் வெப்ப ஆட்டம் தலைகீழாக எல்லாப் புள்ளிகளிலும் ஏறிவிடும். மொத்த வரைபடமும் ஜனவரியில் உச்சம் காட்டினால் நோய் இதுதான். கிடங்கின் விளிம்பிலிருந்து 5 முதல் 10 கி.மீ. தள்ளி, அதே வகை மண்ணில், தாழ்ந்த கட்டடங்கள் உள்ள சிற்றூரில் பத்துப் பதினைந்து புள்ளிகளின் சராசரியை எடுங்கள். பின் இன்னொரு ஊரை ஒப்பாக வைத்து மறுபடி ஓட்டுங்கள். உச்ச தேதி பத்து நாளுக்கு மேல் நகர்ந்தால் இரண்டில் ஒன்று சரியில்லை.

காற்றுமண்டலத் திருத்தத்துக்கு ஈஆர்ஏ5 என்ற உலக வானிலைத் தரவைப் போடுவது வழக்கம். அதன் கட்டம் கால் டிகிரி, 28 கி.மீ. வரை. 8 கி.மீ. அகலக் கிடங்குக்குள் இருக்கும் ஈரப்பத மேடுபள்ளம் அதில் எப்படித் தெரியும்? மலைச்சரிவில் உயரத்தோடு மாறும் பகுதியைக் கழிக்க அது உதவும். போ சமவெளியில் போட்டாலும் போடாவிட்டாலும் பெரிய வேறுபாடு வராது. காற்றின் சிதறலைப் படங்களின் எண்ணிக்கைதான் அடக்கும்.

ஒரு நடைமுறைச் செய்தி: அன்ராப்பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி எழுதிய கோப்பு அப்படியே கிடக்கும். மறுபடி ஓட்டும்போது "ஏற்கெனவே முடிந்தது" என்று நிரல் அதைத் தாண்டிப் போய்விடும். பெங்களூர் மழைக்காலத்தில் யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். விடிந்ததும் எல்லாக் கோப்பின் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பட்டியல் போட்டுப் பாருங்கள்.

365 என்ற எண்

ஸ்டாம்ப்ஸ் என்ற இன்சார் நிரலைப் பயன்படுத்துபவர்கள் அதிகம் ஏமாறுவது அதன் எட்டாம் படியில். இடத்தால் ஒட்டி, காலத்தால் ஒட்டாத எதையும் அது காற்றுமண்டலம் என்று கருதிக் கழிக்கும். அந்தக் கால வடிகட்டியின் இயல்பு அகலம் 365 நாள். கிடங்கின் அசைவு இடத்தில் வழுவழுப்பானது, காலத்தில் ஓராண்டுக்குள் ஏறி இறங்குவது. வடிகட்டியின் கண்ணில் அது காற்றேதான். மொத்தமாக அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, எஞ்சியதைச் சுத்தமான முடிவு என்று கொடுக்கும். ஒரே சீராக மெல்ல நகரும் தரைக்குப் பொருத்தமான எண், கிடங்குக்குப் பகை. இந்த அகலத்தை 30 நாள் பக்கம் இறக்க வேண்டும், அல்லது அந்தப் படியையே விட்டுவிட்டு நேராக அலை பொருத்தலுக்குப் போக வேண்டும்.

வேறு மென்பொருள்களில் நகரும் சராசரி வடிவில் இதே விஷயம் ஒளிந்திருக்கும். 3 மாதச் சராசரி ஆண்டு அலையில் 90 விழுக்காட்டை மிச்சம் வைக்கும், 6 மாதச் சராசரி 64 விழுக்காட்டை, 12 மாதச் சராசரி பூஜ்யத்தை. படம் வழுவழுப்பாக இருக்கட்டும் என்று 6 மாதம் போட்டவர் 10 மி.மீ.யை 6.4 என்று எழுதிக் கொடுப்பார்.

எந்த வடிகட்டி எவ்வளவு தின்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கைவேலை உண்டு. கிடங்கிலிருந்து 15 கி.மீ. தள்ளி அசைவில்லாத இடம் ஒன்றைத் தேர்ந்து, அங்கே ஒரு பொய்க் கிடங்கை வையுங்கள்: 3 கி.மீ. ஆரமுள்ள மணி வடிவ மேடு, வீச்சு 4 மி.மீ., உச்சம் அக்டோபர் 30. ஒவ்வொரு ஜோடியின் இரு தேதிக்கும் இந்த மேட்டின் உயர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, ஃபேஸாக மாற்றி, இன்டர்ஃபெரோகிராமில் கூட்டிவிடுங்கள். பிறகு எல்லாப் படிகளையும் வழக்கம்போல ஓட்டுங்கள். போட்ட 4 மி.மீ. 3.8 ஆகத் திரும்பினால் சரி. 2.5 ஆகத் திரும்பினால் உண்மையான கிடங்கிலும் அதே பங்கு காணாமல் போகிறது. அரைநாள் வேலைதான். இதைச் செய்யாத அறிக்கையை நம்பி அழுத்த வரம்பை முடிவு செய்வது தவறு.

இரு கோணங்கள்

செயற்கைக்கோள் வடக்கே ஏறும் பாதை, தெற்கே இறங்கும் பாதை இரண்டும் வேண்டும். 39 டிகிரிக்கு, இரு பார்வைக்கோட்டு அசைவுகளைக் கூட்டி 1.55 ஆல் வகுத்தால் செங்குத்து. இறங்கும் பாதையிலிருந்து ஏறும் பாதையைக் கழித்து 1.23 ஆல் வகுத்தால் கிழக்கு நோக்கிய அசைவு. இரண்டிலும் செயற்கைக்கோளை நோக்கி வருவதை நேர்க்குறி என்று வைத்த கணக்கு இது. இரு பாதையின் கோணமும் வேறு என்றால் 2க்கு 2 சமன்பாடாகத் தீர்க்க வேண்டும். வடக்கு தெற்கு அசைவு ஏறக்குறைய தெரியவே தெரியாது.

இங்கேயும் வெப்பம் நுழையும். இறங்கும் பாதை காலை ஆறு மணிவாக்கில், ஏறும் பாதை மாலை ஆறு மணிவாக்கில் கடக்கும். கோடையில் மாலைக்கும் காலைக்கும் 12 டிகிரி வித்தியாசம், குளிர்காலத்தில் 5 என்று வைத்தால், 20 மீட்டர்க் கட்டடம் செய்யாத கிழக்கு மேற்கு அசைவை ஏறத்தாழ 1 மி.மீ. செய்ததாகக் காட்டும். உண்மையான கிடங்கில் கிழக்கு விளிம்பும் மேற்கு விளிம்பும் எதிரெதிர்த் திசையில் விலகும், உச்சிக்கு நேர் மேலே பக்கவாட்டு அசைவு இராது. எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது கிடங்கு அல்ல.

வயல்வெளிக்கு ஒரு கண்ணாடி

கிணறுகளுக்கு மேலே பெரும்பாலும் வயல். புள்ளியே கிடைக்காத அந்த இடத்துக்குத்தான் கார்னர் ரிஃப்ளெக்டர்: மூன்று முக்கோணத் தகடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்ந்த மூலை. இதைப் பெங்களூரிலேயே செய்து பார்க்கலாம். பீன்யா தொழிற்பேட்டையில் ஷீட் மெட்டல் பட்டறைக்குப் பஞ்சமில்லை, தமிழ் பேசும் வெல்டருக்கும் பஞ்சமில்லை.

அளவு முதலில். எதிரொலிப்புப் பரப்பு கையின் (மூலையிலிருந்து நீளும் விளிம்பின்) நீளத்துக்கு நான்காம் அடுக்கில் ஏறும். 1 மீட்டர்க் கைக்கு 1,360 சதுர மீட்டர், அதாவது 31 டெசிபல். 70 செ.மீ.க்கு அதில் கால் பங்குகூட இல்லை, 25 டெசிபல். சென்டினலின் ஒரு பிக்சல் சுமார் 100 சதுர மீட்டர் வயல், அது தானாகத் திருப்புவது மைனஸ் 10 டெசிபல் கணக்கில் 10 சதுர மீட்டர். 1 மீட்டர் மூலை இதைவிட 136 மடங்கு பளிச்சென்று தெரியும், ஃபேஸ் சிதறல் 0.3 மி.மீ.க்குள் அடங்கும். 70 செ.மீ. என்றால் 0.55 மி.மீ. காசு மிச்சம் பார்த்து 50 செ.மீ.க்கு இறங்க வேண்டாம்.

எட்டடிக்கு நாலடி 2 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றில் மூன்று முக்கோணமும் வெட்டலாம், மொத்தம் 8 கிலோ. ஆனால் வயலில் வைத்த அலுமினியம் காயலான் கடைக்குப் போய்விடும். சல்லடை போலத் துளையிட்ட ஜி.ஐ. தகடு கனமானது, திருடத் தோன்றாது, காற்றும் மழையும் ஊடுருவிப் போகும். துளை 6 மி.மீ.க்கு மேல் வேண்டாம், அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டினால் ரேடாரும் ஊடுருவிப் போகும்.

பட்டறையில் வரும் முதல் கேள்வி: "மூலைமட்டம் வெச்சுத்தான் அடிச்சிருக்கேன் சார், ஒரு நூல் முன்னப்பின்ன இருந்தா என்ன ஆயிடும்?" ஒரு நூல் வரை போகலாம் அண்ணே, இரண்டு ஆகாது. காரணம் இது. 1 மீட்டர்க் கையில் ஒரு டிகிரி விலகினால் நுனி 17 மி.மீ. தள்ளிப்போகும். 55 மி.மீ. அலைக்கு அது மூன்றில் ஒரு பங்கு, எதிரொலி கலைந்துவிடும். மூலைமட்டம் ஒரு அடி நீளம்தான், அந்த அடியில் தெரியாத கோணல் நுனியில் தெரியும். அதனால் மூலையை விட்டுவிட்டு நுனிக்கு நுனி டேப் பிடியுங்கள். செங்கோணமாக இருந்தால் 1,414 மி.மீ. ஒரு டிகிரி விரிந்தால் 1,426. ஒரு நூல் என்பது 3 மி.மீ., அதாவது கால் டிகிரி. மூன்று பக்கமும் இப்படி அளந்து பார்த்து, டேக் (பொட்டு வெல்டு) மட்டும் வைத்து, மறுபடி அளந்து, அதற்குப் பின்தான் முழு வெல்டு. முழு வெல்டு ஓட்டினால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும். ரிவெட்டும் ஆங்கிளும் போட்டு முடிப்பது இன்னும் நல்லது.

நிறுத்தும் சாய்வு: இந்த மூலை தன் அடித்தகட்டிலிருந்து 35.3 டிகிரி மேல்நோக்கித்தான் அதிகம் பார்க்கும். ரேடார் 39 டிகிரிச் சாய்வில் வந்தால் தரையிலிருந்து 51 டிகிரி மேலே இருக்கும். வித்தியாசம் 15.7 டிகிரி, அவ்வளவுக்கு முன்விளிம்பைத் தூக்க வேண்டும். மூலையிலிருந்து முன்விளிம்பின் நடுப்புள்ளி 707 மி.மீ. தொலைவு. ஆகவே அந்த நடுப்புள்ளி மூலையைவிட 191 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும், ரசமட்டமும் ஸ்கேலும் போதும். திசை: இறங்கும் பாதைக்கு வாய் கிழக்கே, சற்றுத் தெற்காக. ஏறும் பாதைக்கு மேற்கே, சற்றுத் தெற்காக. இரண்டு மூன்று டிகிரி பிசகினால் பாதகமில்லை. இந்தியாவில் பல இடங்களுக்கு ஒரு பாதைப் படங்கள்தான் தொடர்ச்சியாகக் கிடைக்கும், குழி தோண்டும் முன் காப்பகத்தைப் பாருங்கள்.

சல்லடைத் தகடு இல்லாமல் முழுத் தகடு போட்டிருந்தால், முன்விளிம்பைத் தூக்கியதால் மழைத் தண்ணீர் முழுக்க மூலையில் வந்து தேங்கும். அங்கே 12 மி.மீ. வடிகால் துளை ஒன்றே ஒன்று வையுங்கள். துளையில் சருகு அடைத்தால் ஒரு குளமே உருவாகி எதிரொலியைக் கெடுக்கும். எதிரொலியின் பலம் திடீரென்று சரிந்த தேதியைப் பார்த்தாலே எந்த மழைக்கு அடைத்தது என்று தெரியும்.

அடித்தளத்திலும் அதே ஆண்டுச் சுழற்சிப் பகை உண்டு. களிமண் நிலம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். இரண்டடிக் குழியில் நட்ட கம்பம் மண்ணோடு சேர்ந்து ஆடி, கிடங்கின் அலையைப் போலவே ஒன்றைத் தானாக உண்டாக்கும். பெங்களூரைச் சுற்றியுள்ள செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு, அதனால் இங்கே நன்றாக நின்ற வடிவம் போ சமவெளியின் வண்டலிலும் நிற்கும் என்று நம்பக் கூடாது. ஈரம் மாறும் ஆழத்தைத் தாண்டிக் கம்பம் இறங்க வேண்டும். தரைக்கு மேலே கம்பம் குட்டையாக இருக்கட்டும்: ஒன்றரை மீட்டர் இரும்புக்கு 30 டிகிரி வித்தியாசத்தில் அரை மி.மீ. நீட்சி.

2025 ஜூலையில் ஏவப்பட்ட நைசார் என்ற இந்திய அமெரிக்க ரேடார், செயற்கைக்கோளாக ஒருங்கிணைந்தது இந்த ஊரில்தான். அதன் எல்-பேண்ட் அலை 24 செ.மீ., பயிரை ஊடுருவிப் பார்க்கும், வயல்வெளியிலும் கோஹெரன்ஸ் நிற்கும். ஆனால் அதே 10 மி.மீ.க்குக் கிடைக்கும் ஃபேஸ் சென்டினலில் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கு. அயனமண்டலத் தாமதமோ 18 மடங்கு. புள்ளிகள் நிறைந்த ஊருக்குச் சென்டினல், வெறும் வயலுக்கு நைசார் என்று பிரித்துக்கொள்வது நியாயம்.

கடைசி வரைபடம்

நேரத்துக்கு எதிரே அசைவை வரைந்த படத்தில் எல்லாமே அலையாகத்தான் தெரியும். கிடைமட்டத்தில் வாயு இருப்பு, செங்குத்தில் தரை அசைவு என்று வரையுங்கள், ஒவ்வொரு படத் தேதிக்கும் ஒரு புள்ளி, நேர வரிசையில் கோடு. பாறை மீள்தன்மையோடு நடந்துகொண்டு, கலப்படமும் இல்லாவிட்டால், போன கோட்டிலேயே திரும்பி வரும், படம் ஒரு சாய்ந்த குச்சி. குச்சி பருத்து வளையமானால் அது சுற்றும் திசையைப் பாருங்கள். கடிகாரத் திசையில் சுற்றினால் தரை வாயுவை முந்துகிறது: வெப்பமோ பாசன நீரோ கலந்திருக்கிறது, உயரமான புள்ளிகளையும் ஒப்பு ஊரையும் மறுபடி சோதியுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் தரை வாயுவுக்குப் பிந்துகிறது: அழுத்தம் பக்கத்து நீர்ப்படுகைக்குள் மெல்லப் பரவுவது ஒரு காரணமாக இருக்கலாம், அதைப் படுகைப் பொறியாளரிடம் கிணற்று அழுத்தப் பதிவோடு ஒப்பிடக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் வளையம் மூடாமல் கீழே கீழே நகர்ந்தால், அந்த வயலுக்கு மட்டும் சராசரி வேக வரைபடத்தை மறுபடி திறந்து பாருங்கள்.